தொப்பி ஊசியால் மோட்டாரைப் பழுது பார்த்த அம்மையார்

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் மன்ஹைம் நகரம். பொழுது சரியாக விடியவில்லை. ஒரு தாயும் இரண்டு மகன்களும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் சத்தமில்லாமல் தெருவுக்குத் தள்ளி வந்தார்கள். வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பவில்லை. கேட்டால் அனுமதி கிடைக்காது என்று அம்மையாருக்குத் தெரியும்.

அவர்தான் பெர்த்தா பென்ஸ். மோட்டார் கார் கண்ட கார்ல் பென்ஸின் மனைவி.

பெர்த்தா 1849-ம் ஆண்டு மே 3-ந் தேதி போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். கல்யாணம் நிச்சயமானதும், தமக்கு வரவேண்டிய சீதனத்தை முன்கூட்டியே வாங்கி வருங்காலக் கணவரிடம் கொடுத்தார். அந்தப் பணத்தால்தான் பென்ஸ் தம் கூட்டாளியை விலக்கிப் பட்டறையைக் காப்பாற்றினார். 1872-ல் கல்யாணம் நடந்தது. வறுமையும் கூடவே வந்தது. 1886-ல் மோட்டார் வண்டிக்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. ஆனால் வாங்க ஆள் இல்லை. குதிரை இல்லாத வண்டியை யார் நம்புவார்கள்? பென்ஸ் மனம் சோர்ந்தார். சீதனமும் பதினாறு வருஷ உழைப்பும் பட்டறையில் தூங்கின.

வண்டி ஓடும் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார் பெர்த்தா. 15 வயது ஆய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பினார். தூரம் 100 கிலோ மீட்டருக்கு மேல்! அதுவரை அந்த வண்டி ஊருக்குள் கொஞ்சம் ஓடியதோடு சரி.

பெட்ரோல் பங்க் என்ற பேச்சே அப்போது கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், துணிக் கறை போக்கும் லிக்ராயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார்கள்.

வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தொப்பி ஊசியை உருவிக் குழாயைக் குத்திச் சுத்தம் செய்தார். பிறகு பொறியில் கோளாறு வந்தது. இது கொஞ்சம் நுட்பமான கோளாறு.

பேட்டரியில் இருக்கும் மின்சாரத்துக்கு அழுத்தம் குறைவு. கம்பிச் சுருள் ஒன்று அந்த அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டி, ஒயர் வழியாகப் பிளக்குக்கு அனுப்பும். அங்கே பொறி பறக்கும், எண்ணெய் ஆவி எரியும், வண்டி ஓடும். ஒயரின் மேலுறை தேய்ந்து, உள்கம்பி இரும்பில் பட்டால் என்ன ஆகும்? குறுக்கு வழி கிடைத்த மின்சாரம் இரும்பிலேயே இறங்கிவிடும். பிளக்குக்குப் பொறி வராது. எஞ்சின் திணறி நின்றுவிடும்.

அம்மையார் காலுறை நழுவாமலிருக்கக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து ஒயரில் சுற்றினார். கசிவு நின்றது. வண்டி கிளம்பிற்று!

பழைய கார் நடுரோட்டில் நின்றால், மெக்கானிக் இன்றைக்கும் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான். எண்ணெய் வருகிறதா? பொறி விழுகிறதா? ஒயர் கசிகிறதா என்று அறிய, இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதும் உண்டு. கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். தொடக்கூடாது, ஷாக் பலமாக அடிக்கும்.

பிறகு சங்கிலிக்கு ஒரு கொல்லர் உதவினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் பட்டை அடிக்கச் செய்தார் அம்மையார். மேட்டில் வண்டி ஏற மறுத்தது. இறங்கித் தள்ளினார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு போர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். கணவருக்குத் தந்தி பறந்தது. பென்ஸ் கோபித்துக்கொண்டாரோ என்னவோ, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று மனைவி சொன்னதைத் தட்டவில்லை. பிற்பாடு அதைச் சேர்த்தார். சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பினார்கள். ஊரெல்லாம் இதே பேச்சு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், உலகத்திலேயே அதிகக் கார் செய்யும் கம்பெனியாகப் பென்ஸ் கம்பெனி வளர்ந்துவிட்டது.

கார்ல் பென்ஸ் 1929-ல் காலமானார். பெர்த்தா அம்மையார் நெடுங்காலம் இருந்தார். 1944 மே 3-ந் தேதி அவருக்கு 95 வயது நிறைந்தது. கணவர் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அன்று அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. இரண்டு நாள் கழித்து, லாடன்பர்க்கில் தம் வீட்டில் கண் மூடினார். 2008-ல் அந்தப் பயணப் பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வீஸ்லோக் மருந்துக் கடை வாசலில் ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது.