ஏறவும் இறங்கவும் தெரிந்த வேட்டைக்காரர்



விழா மலர் என்றால் காந்தியடிகளைப் பற்றியோ பாரதியாரைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். இந்த வருஷம் நான் ஒரு வேட்டைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் என் வகுப்புப் பையன் ஒருவன், மழை விட்ட கையோடு, உண்டிவில்லை வாயில் கவ்விக்கொண்டு ரம்புத்தான் மரத்தில் ஏறினான். அணில் அடிக்கப் போனவன் கை முறிந்து கீழே கிடந்தான். நான் பார்க்கப் போனபோது, பயமே இல்லாமல் உச்சி வரைக்கும் ஏறியதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். பயம் இல்லாததுதான் வீரம் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யோசித்துப் பார்த்தால் நாம்தான்.

அவனுக்காகத் தேடியபோது கிடைத்தவர்தான் ஜிம் கார்பெட். ஆளைத் தின்னும் புலிகளை அடக்கிய இவரைவிடப் பெரிய தைரியசாலியைக் காட்ட முடியுமா? ஆனால் தாம் பயந்ததை எல்லாம் தம் புத்தகங்களில் கூச்சமில்லாமல் எழுதிவைத்தவர் இவர்.

கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் வட இந்தியாவில், இமயமலை அடிவாரத்து நைனிதாலில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர்த் தபால் அதிகாரி. ஜிம் சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தைத் தாயார்தான் தாங்கி நின்றார். குளிர்காலத்தில் காலாதுங்கி என்ற காட்டோரக் கிராமத்தில் தங்குவார்கள். அந்தக் காடுதான் ஜிம்முக்கு இன்னொரு பள்ளிக்கூடம். பறவைகளின் குரல், மிருகங்களின் கால்தடம் எல்லாம் அங்கேதான் படித்தார்.

குடும்ப நிலைமையால் வாலிப வயதிலேயே ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற படித்துறையில், சரக்குகளை ஒரு ரயிலிலிருந்து இறக்கி மற்றொரு ரயிலுக்கு ஏற்றும் குத்தகை அவருக்குக் கிடைத்தது. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குடும்பங்களுக்கு அந்த வேலையின் பாரம் நான் சொல்லியா தெரியவேண்டும்? வெள்ளைக்காரர் என்று ஒதுங்கி நிற்காமல், தொழிலாளிகளோடு சேர்ந்து தாமும் நிலக்கரி வாரினார்.

இன்னொன்றும் செய்தார், கேளுங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணோடு சேர்ந்து, தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். முதலில் வந்தது இருபது பையன்கள். உயர்ந்த சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் உட்காரக்கூடாது என்று தகராறு வந்தது. பள்ளியின் தலைமையாசிரியர் என்ன செய்தார் தெரியுமா? குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார்! வெறும் கூரைக்குக் கீழே உட்காருவதற்கு எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை. பள்ளி வளர்ந்தது, பிள்ளைகள் இருநூறு பேரானார்கள்.

இனி வேட்டைக்கு வருவோம். கார்பெட் ஆள்கொல்லிகளைத் தேடிப் போனது, மக்கள் வீட்டை விட்டு வெளியே வரவே நடுங்கிய இடங்களுக்கு. 1907-இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி மட்டும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு.

தரையில் நடந்தும் சுட்டிருக்கிறார். மரத்தில் உட்கார்ந்தும் சுட்டிருக்கிறார். மரத்தில் கட்டும் பரணுக்கு வடநாட்டில் மச்சான் என்று பெயர். நம்ம வீட்டு மச்சான் இல்லை, சிரிக்காதீங்க! மரத்தில் ஏறிவிட்டால் பத்திரம் என்று நாம் நினைப்போம். கார்பெட் அப்படி நினைக்கவில்லை. சிறுத்தை நம்மைவிட நன்றாக மரமேறும் என்பது அவருக்குத் தெரியும்.

1910-ஆம் ஆண்டு பனார் சிறுத்தைக்காகச் சாய்ந்து வளர்ந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தபோது, தமக்குக் கீழே அடிமரத்தைச் சுற்றி முள் கொம்புகளைக் கட்டச் செய்தார். கொம்புகளின் தடித்த முனைகளைத் தம் உடம்போடு இடுக்கிக்கொண்டார். இரவில் சிறுத்தை வந்தது. கீழே கட்டியிருந்த ஆட்டை விட்டுவிட்டு மரத்தில் இருந்த மனிதரைத்தான் குறி வைத்தது. முள்ளைப் பல்லால் பிடித்து இழுத்தது. ஒவ்வோர் இழுப்பும் அவர் உடம்பில் தெரிந்தது. முள் மட்டும் இல்லாதிருந்தால் அன்றோடு கார்பெட் கதை முடிந்திருக்கும். நானூறு பேரைக் கொன்ற அந்தச் சிறுத்தை கடைசியில் அவர் கையாலேயே மாண்டது.

ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 125 பேரைக் கொன்றது. பத்ரிநாத் யாத்திரைப் பாதையே இருட்டினால் வெறிச்சோடிப் போகும். அதற்காகப் பாலத்தின் கோபுரத்து உச்சியில், காற்று ஆளைத் தள்ளும் இடத்தில், இருபது இரவுகள் காவல் இருந்தார். பிறகு கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தில் பரண் கட்டி, பத்து இரவுகள் போலக் காத்திருந்தார். 1926-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் இரவு, ஆட்டின் கழுத்து மணி அசைந்தது. கார்பெட் ஒரே குண்டில் காரியத்தை முடித்தார். ஆடு பிழைத்துக்கொண்டது!

இப்படிப்பட்டவரும் ஒருமுறை விழுந்தார். 1938 நவம்பரில், தாக் கிராமத்துப் பெண்புலிக்காகப் பொழுது சாயும் நேரத்தில் வசதியான இடம் கிடைக்காமல், ஒரு பாறையில் கால் ஊன்ற மட்டும் இடம் பார்த்து நின்றார். புலி செத்தது. ஆனால் துப்பாக்கி உதைத்த வேகத்தில் கார்பெட் பின்னால் சரிந்து, கீழே பதுங்கியிருந்த தம் ஆட்கள் தலைமேலேயே விழுந்தார். அப்போது அவருக்கு வயது 63. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், காலுக்குப் பிடி இல்லையென்றால் விழ வேண்டியதுதான்.

வயது ஏற ஏறத் துப்பாக்கியைவிடக் காமிராவைத்தான் அதிகம் எடுத்தார். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தார். அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1944-இல் அவருடைய முதல் பெரிய புத்தகம், குமாவுன் ஆள்கொல்லிகளைப் பற்றியது, உலகப் புகழ் பெற்றது. 1947-இல் தமக்கையார் மேகியோடு கென்யாவுக்குக் குடிபோனார். அங்கே 1952 பிப்ரவரியில், ஓர் அத்திமரத்தின்மேல் கட்டிய டிரீடாப்ஸ் விடுதியில் இளவரசி எலிசபெத் தங்கிய இரவில், ஏணியின் தலைமாட்டில் கண்விழித்துக் காவல் இருந்தவர் 76 வயது கார்பெட்தான். அன்றிரவுதான் அரசர் காலமானார். மரத்தில் இளவரசியாக ஏறியவர் மகாராணியாக இறங்கினார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் கார்பெட் இயற்கை எய்தினார்.

நம்ம நாட்டுப் புலிக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. 1968-இல் இந்தோசீனப் புலிக்கு விஞ்ஞானிகள் கார்பெட் பெயரை வைத்தார்கள். 2004-இல் தனித் துணையினம் என்று பிரிக்கப்படும்வரை மலாயாப் புலியும் அந்தப் பெயரில்தான் இருந்தது. இன்று நம் காடுகளில் அவை 150-க்கும் குறைவு. அவற்றைக் காப்பதுதான் இந்தக் காலத்து வீரம்.

பெரியோர்களே, பழத்தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குப் பரண் கட்டி உட்காருகிறவர்கள் உங்களில் இருக்கலாம். லைசென்ஸ் மட்டும் போதாது. பட்டுப்போன கிளையையும் மழையில் நனைந்த பட்டையையும் நம்பாதீர்கள். முசுறுக் கூடும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று கீழிருந்தே பாருங்கள். ஏறும்போது இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் மரத்தைப் பிடித்திருக்கட்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டுக் கீழே வையுங்கள். பரணில் உட்கார்ந்த பிறகு கயிற்றால், வாய் கீழே பார்த்தபடி, மேலே இழுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பாதுகாப்புக் கச்சை கட்டி மரத்தோடு பிணைத்துக்கொள்ளுங்கள். கண் அயர்ந்தால் அதுதான் காப்பாற்றும். எந்த மரத்தில் இருப்பீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. பயம் வந்தால் வெட்கப்படாதீங்க. எதற்குப் பயம் என்று பார்த்து, அதற்குத் தகுந்த முள்ளைக் கட்டிவிட்டுத்தான் கார்பெட் மரத்தில் உட்கார்ந்தார். அதனால்தான் விடிந்ததும் இறங்கி வீட்டுக்குப் போனார். கை முறிந்த என் மாணவனுக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். இன்று மேடையில் அவனுக்கும் ஒரு பரிசு உண்டு. அந்தக் கையாலேயே வாங்கப் போகிறான். நீங்களும் கை தட்டுங்கள்.