ஆப்பிரிக்க ராட்சத நத்தையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆய்வாளர் பென்சன்

மழைக்காலத்தில் வாழை, பப்பாளி, காய்கறிப் பயிர்களைத் தின்று அழிக்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர், இந்நாட்டு நத்தைகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவரான வில்லியம் ஹென்றி பென்சன் ஆவார்.

1803-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த பென்சன், கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக 1821-இல் இந்தியா வந்தார். வட இந்தியாவில் பணிபுரிந்துகொண்டே ஓடுகளைச் சேகரித்து, நூற்றுக்கணக்கான இனங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

தென்னிந்திய நத்தைகள் நண்பர்கள் வழியாகவே அவரை அடைந்தன. சென்னை ராணுவத்தின் மருத்துவர் ஜெர்டன் நீலகிரியில் சேகரித்த ஓடுகளை அனுப்பிவைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இந்திரெல்லா ஆம்புல்லா என்ற நத்தையைப் பென்சன் 1850-இல் விவரித்தார்.

1847-இல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தா திரும்பியபோது, கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ராட்சத நத்தைகளை அவர் உடன் கொண்டுவந்தார். சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்ட அவை பெருகிப் பரவின. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களுள் ஒன்றாக இந்த நத்தை இன்று பட்டியலிடப்பட்டுள்ளது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா உள்ளிட்ட மாநிலங்களின் விவசாயிகள் இதனால் பாதிக்கப்படுகின்றனர்.

ராட்சத நத்தை வந்த ஆண்டும் வழியும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால், பென்சன் பெயர் சூட்டிய உள்நாட்டு நத்தைகள் பலவற்றின் பிறப்பிடம் அவ்வாறு தெளிவாக இல்லை. அக்காலக் குறிப்புகளில் பெரும்பாலும் மலைத்தொடர் அல்லது மாகாணத்தின் பெயர் மட்டுமே இடம்பெறும். தென்னிந்தியா என்று மட்டும் எழுதினால், அது கோலார் தங்கவயலின் வறண்ட பாறைக் குன்றையும் குறிக்கலாம். நீலகிரியின் ஈரச் சோலையையும் குறிக்கலாம். ஒரே மலையில் மட்டும் வாழும் நத்தை இனங்களும் இருப்பதால், இந்த வேறுபாடு முக்கியமானது.

பெயர் சூட்டும்போது ஆய்வாளர் கையில் இருந்த ஓடே அந்த இனத்தின் மூல மாதிரி எனப்படும். காட்டில் கிடைக்கும் நத்தை எந்த இனம் என்ற ஐயம் எழுந்தால், அதனுடன் ஒப்பிட்டே முடிவு செய்யப்படும். ஆனால், மூல மாதிரி இதுதான் என்று தனித்துக் குறிக்கும் வழக்கம் பென்சன் காலத்தில் இல்லை. ஓடுகள் சேகரிப்பாளர்களிடையே கைமாறியதால் சிதறியும் போயின.

பென்சன் 1870-இல் காலமானார். அவரது சேகரிப்பு, ராபர்ட் மெக்காண்ட்ரூ என்பவர் வழியாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அங்கும் லண்டனிலும் உள்ள மாதிரிகளை ஆய்வு செய்த நிபுணர் குழு, அவரது வாழ்க்கை வரலாற்றுடன் கூடிய படவிளக்கப் பட்டியலை 2022-இல் வெளியிட்டது.

மூல மாதிரி அடையாளம் காணப்பட்டால், அந்த இனத்தை மீண்டும் காட்டில் தேட முடியும். அது வாழும் குன்று அல்லது சோலை எது என்பது தெரிந்தால்தான் அதன் வாழிடத்தைப் பாதுகாக்க வழி பிறக்கும்.