விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்



நம் ஜனங்களுக்கு ஒரு நோயின்மேல் தீராத அச்சம் உண்டு. முன்னோர் அதைக் குஷ்டம் என்றார்கள். நாம் தொழுநோய் என்கிறோம். அது வந்தவனுக்குச் சதை அழுகி, விரல்கள் தாமே உதிர்ந்துவிடும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது மெய்யல்ல என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர் ஒரு வைத்தியர். அந்த வேலைக்கு அவரை இழுத்த இடம் நமக்குத் தூரமான ஊரல்ல, செங்கற்பட்டுதான். ஆகையால் அவருடைய சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள்.

பால் பிராண்ட் 1914-ஆம் வருஷம் ஜூலை 17-ல் கொல்லிமலையில் பிறந்தார். தகப்பனார் ஜெஸ்ஸியும் தாயார் ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து வந்த புரொட்டஸ்டாண்டு மிஷனெரிகள். நம் சபையார் அல்லர். ஆனாலும் நன்மை எந்தக் கையால் வந்தாலும் அதை நன்மையென்று ஒப்புக்கொள்வதே நியாயம். அம்மலைக்கு அந்நாளில் நல்ல பாதையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. தகப்பனார் வீடு கட்டுவார், பல் பிடுங்குவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் வாசலுக்கு வந்தபோது, அவர் கையுறை போட்டுக்கொண்டு அவர்களுடைய கால் புண்களைக் கழுவிக் கட்டினார். சிறுவன் பால் எட்ட நின்று பார்த்தான். அவனுக்கு அருவருப்பும் பயமுமே உண்டாயின.

ஒன்பது வயதில் அவனைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் தகப்பனார் மலைக்காய்ச்சலால் இறந்த செய்தி தந்தியில் வந்தது. அதன் பிறகும், அவர் முன்னே எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது எத்தகைய துக்கம் என்று சொல்லவேண்டுவதில்லை.

பாலுக்கு வைத்தியத்தில் விருப்பமில்லை. இரத்தமும் சீழும் அவருக்கு ஆகாது. ஐந்து வருஷகாலம் கொத்துவேலையும் தச்சுவேலையும் கற்றார். பிறகு மிஷன் வேலைக்கு உதவும் என்று சிறிது வைத்தியம் படிக்கப் போனபோது, சவம்போல் வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்குப் பிறர் இரத்தத்தை ஏற்றியதையும், அவள் கன்னத்தில் நிறம் திரும்பியதையும் கண்டார். அன்று மனம் மாறியது. 1937-ல் லண்டனில் வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். யுத்தத்தில் குண்டு விழுந்து கை சிதைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து அநுபவம் பெற்றார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்தார்.

மறுவருஷம் டாக்டர் ராபர்ட் காக்ரன் என்பவர் அவரைச் செங்கற்பட்டில் உள்ள லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச்சென்றார். அங்கே எத்தனையோ பேர் விரல்கள் மடங்கிப் பருந்தின் நகம்போல் ஆன கைகளோடு இருந்தார்கள். இந்தக் கைகளை இதுவரை எலும்பு வைத்தியர் யாரும் ஆராய்ந்ததில்லை என்று பிராண்ட் அறிந்து திகைத்தார். ஒரு வாலிபனுடைய மடங்கிய கையைப் பிடித்து, அழுத்தச் சொன்னார். அவன் அழுத்தியதில் அவருக்கே கை வலித்தது! செத்துப்போனதாக எல்லாரும் எண்ணியிருந்த கையில் அவ்வளவு பலம் இருந்தது.

காரணத்தைத் தேடினார். இறந்த ஒரு நோயாளியின் உடலை இரவோடிரவாக ஆராய்ந்து, நரம்புகள் எங்கே வீங்கியிருக்கின்றன என்று பார்த்தார். முழங்கை முதலிய, தோலுக்கு அருகில் நரம்பு ஓடும் குளிர்ந்த இடங்களில்தான் நோய் அவற்றைக் கெடுக்கிறது என்று கண்டார். அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் சோர்ந்துபோகின்றன. முன்கையின் பெரிய தசைகளோ பல நல்ல நிலையில் இருக்கின்றன. வண்டியில் ஒரு மாடு நொண்டினால் வேறு மாட்டைப் பூட்டுவதில்லையா? அதுபோல, நல்ல தசை ஒன்றின் நாரைப் பிரித்து, கைக்குள்ளே கொண்டுபோய் விரல்களில் தைத்தார். 1948-ல் இந்தச் சிகிச்சைகள் தொடங்கின. சில வாரம் கட்டுப்போட்டு, அதன்பின் பயிற்சி கொடுத்தார். சோற்றை அள்ள முடியாதிருந்தவன் தன் கையால் பிசைந்து உண்டான்.

ஆனால் விரல்கள் குறைவது ஏன்? துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் வெறுங்கையால் திறந்துவிட்டான். எலும்பு தெரியும்படி விரல் கிழிந்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. வேறு சிலருக்கு இரவில் விரல் குறைந்து காலையில் இரத்தம் தெரிந்தது. காவலிருந்து பார்த்தபோது, எலி கடித்ததென்று வெளியாயிற்று! வலி இல்லாததால் தூக்கம் கலையவில்லை. அதுமுதல் வீடு திரும்புகிறவனுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள். சதை தானாக அழுகவில்லை. பாதுகாத்தால் மற்றவர் சதையைப்போலவே ஆறுகிறது. காவற்காரனாகிய வலி போய்விட்டதே நஷ்டத்துக்கெல்லாம் காரணம்.

இன்னொன்று கேளுங்கள். கை நிமிர்ந்து ஊருக்குப் போனவர்கள் சிலர் வருத்தத்தோடு திரும்பிவந்தார்கள். நல்ல கையைக் கண்டு பிச்சை இடுவாரில்லை. முகத்தின் அடையாளத்தைக் கண்டு வேலை கொடுப்பாருமில்லை. கையைச் சீராக்கினால் போதாது, மனிதனை ஊரோடு சேர்க்கவேண்டும் என்று பிராண்ட் உணர்ந்தார். அதற்காக நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு உண்டாயிற்று. முன்னாள் கொத்தனும் தச்சனுமான வைத்தியர், அங்கே அவர்களுக்குத் தச்சுவேலையும் பொம்மை செய்வதும் கற்பித்தார்.

புருவம் உதிர்ந்த முகமே நோயைக் காட்டிக்கொடுத்ததால், அதற்கும் வழி கண்டார். மயிரோடு கூடிய தலைத்தோலில் ஒரு துண்டை, இரத்தக்குழாய் அறாதபடி பிரித்து, நெற்றித்தோலின் அடியே நுழைத்துப் புருவத்தில் பொருத்தினார். குழாய் அறுந்தால் துண்டு செத்துவிடும். ஆகையால் அது எட்டுமளவுக்கே சதையை நகர்த்த முடிந்தது. பின்னாளில், பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் மயிரிழையிலும் மெல்லிய நூலால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குழாய்களையே தைத்து இணைக்கும் வித்தை வந்தது. இப்போது தொடைச்சதையைக் கைக்கும், கால்விரலைக் கட்டைவிரலின் இடத்துக்கும் மாற்றுகிறார்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியிலும் இது நடக்கிறது. கருவி புதிது, இரத்தம் ஓடினால்தான் சதை பிழைக்கும் என்ற நியாயம் மட்டும் பழையது.

மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளருக்கு ஊழியம் செய்த புனித தமியான் சுவாமியாரை அறிவீர்கள். 1884-ல் கொதிநீர் காலில் பட்டும் சுடாதிருந்ததால், தமக்கும் அந்நோய் கண்டதென்று அவர் அறிந்தார். பிராண்டுக்கும் அப்படியொரு இரவு வந்தது. லண்டனில், நீண்ட பிரயாணத்துக்குப் பின் காலுறையைக் கழற்றியபோது, குதிகாலில் உணர்ச்சியில்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. மனைவி மக்களைவிட்டுப் பிரியவேண்டுமே என்று இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மறுபடி குத்தினார். வலித்தது! காலின் நரம்பு அழுந்தி மரத்திருந்ததேயன்றி நோயில்லை. அன்றுமுதல் வலியை நன்றியோடு எண்ணப் பழகினார்.

வேலூருக்கு அருகில் கரிகிரியில் 1955-ல் ஏற்பட்ட ஆராய்ச்சி ஆஸ்பத்திரிக்கும் அவர் துணைநின்றார். 1966-ல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்துக்குப் போய், மரத்த பாதங்களைக் காப்பது எப்படி என்று ஆராய்ந்தார். அது சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவிற்று. 2003-ஆம் வருஷம் ஜூலை 8-ல் சியாட்டில் நகரில் காலமானார்.

வாசகரே, இச்சரித்திரம் இன்னும் முடியவில்லை. நம் தேசத்தில் வருஷந்தோறும் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் காணப்படுகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அங்கே தொட்டால் தெரியவில்லையென்றால், மறைக்கவேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் நோய் தீரும். மருந்து தொடங்கிய சில நாளிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். காலதாமதமானால் நரம்பு கெடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

குணமானவர் ஒருவர் உங்கள் களத்திலோ கடையிலோ வேலை கேட்டு வந்தால், கொடுங்கள். நவஜீவ நிலையம் வேண்டியிருந்தது, ஊர் கதவைச் சாத்தியதால்தான். அந்தக் கதவைத் திறக்க வைத்தியர் தேவையில்லை; நாம் போதும்.