கிறீம் கிறேக்கரும் றோசி ஹக்கற்றும்

எங்கள் வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் வாங்குவது கிறீம் கிறேக்கர் பைக்கற்தான். ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கப் போகிறவர்களின் கையிலும் அதுவே இருக்கும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மாவின் பையின் அடியில் எப்போதும் ஒரு பைக்கற் கிடந்தது. உலை வைக்க முடியாத நாட்களில் அதைத் தேத்தண்ணியில் தோய்த்து எனக்கும் தம்பிக்கும் தருவார்.

அந்தப் பிஸ்கட் எங்கிருந்து வந்தது என்று சில மாதங்களுக்கு முன்னர் தேடத் தொடங்கினேன். தேடல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்கும், அங்கிருந்து ஒரு பெண்ணிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் பெயர் றோசி ஹக்கற்.

ஜேக்கப் குடும்பத்தினர் 1851 இல் வோட்டர்ஃபோர்ட் நகரில் பிஸ்கட் தொழிலைத் தொடங்கிச் சில ஆண்டுகளில் டப்ளினுக்கும் வந்தார்கள். 1885 இல் அவர்கள் விற்கத் தொடங்கிய கிறீம் கிறேக்கரைத்தான் இன்று இலங்கையின் பிஸ்கட் நிறுவனங்களும் அதே பெயரில் செய்கின்றன. ஜேக்கப் என்ற முதலாளியின் பெயர் பைக்கற்றில் ஏறி உலகம் சுற்றியது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்கள் எந்தப் பைக்கற்றிலும் இல்லை. றோசி அவர்களில் ஒருவர்.

1893 இல் டப்ளினின் வறிய தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். 1911 ஓகஸ்ட்டில் ஜேக்கப் தொழிற்சாலையின் ஆண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்கு ஆதரவாகச் சுமார் 3,000 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களைத் திரட்டியவர்களுள் றோசியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 18. அந்தப் போராட்டம் சம்பள உயர்வைப் பெற்றுக்கொடுத்தது. அடுத்த மாதமே டீலியா லார்க்கின் தலைமையில் ஐரிஷ் பெண் தொழிலாளர் சங்கம் உருவானது. றோசி அதன் ஆரம்ப உறுப்பினர்.

1913 இல் டப்ளின் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, தொழிற்சங்கத்தை விட்டு விலகாதவர்களுக்குக் கதவை அடைத்தார்கள். சுமார் 20,000 தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தனர். ஜேக்கப் தொழிற்சாலையில் சங்கச் சின்னத்தைக் கழற்ற மறுத்த பெண்களும் வெளியேற்றப்பட்டார்கள். தொழிற்சங்கத் தலைமையகமான லிபேர்ட்டி ஹோலில் பட்டினி கிடந்த குடும்பங்களுக்குச் சூப் காய்ச்சப்பட்டது. அந்தச் சமையலறையில் றோசி நின்றார். மாதக்கணக்கான பசிக்குப் பிறகு 1914 இன் தொடக்கத்தில் போராட்டம் தோற்றது. பலர் தலைகுனிந்து வேலைக்குத் திரும்பினார்கள். றோசிக்கோ வேலையே இல்லாமல் போனது.

அதன் பிறகு லிபேர்ட்டி ஹோலே அவரது உலகமானது. ஜேம்ஸ் கொனலியின் ஐரிஷ் குடிமக்கள் படையில் சேர்ந்தார். 1916 ஏப்ரலில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான எழுச்சி தொடங்கியபோது, சுதந்திரப் பிரகடனம் அச்சிடப்பட்ட கட்டடத்தில் அவரும் இருந்தார். பின்னர் சென் ஸ்ரீபன்ஸ் கிறீன் பூங்காவிலும் அறுவைச் சிகிச்சைக் கல்லூரியிலும் நிலைகொண்ட அணியில் முதலுதவிப் பணி செய்தார். அதே வாரம் ஜேக்கப் தொழிற்சாலையைத் தொமஸ் மக்டொனாவின் அணி கைப்பற்றியிருந்தது. அவர்கள் பசிக்குத் தின்றது அங்கிருந்த பிஸ்கட்டையும் கேக்கையும்தான்.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. இறந்தவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் பொதுமக்கள். றோசி கில்மைனம் சிறையில் சில நாட்கள் அடைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். மக்டொனாவும் கொனலியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். டப்ளினில் மரண தண்டனை பெற்ற தலைவர்களின் உடல்கள் குடும்பங்களிடம் கொடுக்கப்படவில்லை. ஆர்பர் ஹில் இராணுவச் சிறை வளாகத்தில் ஒரே குழியில் புதைக்கப்பட்டன.

இதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை வாசித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1917 மே 12, கொனலியின் முதலாவது நினைவு தினம். அவர் கொலை செய்யப்பட்டார் என்று எழுதி லிபேர்ட்டி ஹோலில் கட்டப்பட்ட பதாகையைப் பொலிஸார் கழற்றிச் சென்றார்கள். றோசி, ஹெலனா மொலோனி, ஜின்னி ஷனஹான், பிரிஜிட் டேவிஸ் ஆகிய நால்வரும் இன்னொன்றை எழுதினார்கள். அதைக் கட்டடத்தின் உச்சியில் கட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் நிலக்கரியைக் குவித்து, யன்னல்களை ஆணியடித்து மூடி, உள்ளே இருந்துகொண்டார்கள். ஆற்றின் மறுகரையில் சனம் கூடிநின்று பார்த்தது. பொலிஸாரால் மாலையில்தான் உள்ளே நுழைய முடிந்தது. நான்கு பெண்களின் ஒரு துணியை இறக்க நானூறு பொலிஸார் வேண்டியிருந்தது என்பதைப் பிற்காலத்தில் றோசி பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தப் பதாகை சில மணித்தியாலங்கள்தான் பறந்தது. ஆனால், செத்தவருக்கு என்ன நடந்தது என்பதை ஊரறிய எழுதிவைக்க அது போதுமாக இருந்தது.

நாடு விடுதலை பெற்றது. றோசி எந்தப் பதவிக்கும் போகவில்லை. பெண் தொழிலாளர் சங்கத்தைத் திரும்பவும் கட்டியெழுப்ப உழைத்தார். ஈடன் கீ ஆற்றங்கரைத் தெருவில் தொழிற்சங்கத்தின் சிறிய கடையொன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். திருமணம் செய்யவில்லை. 1945 இல் அவரது சங்கத்தின் சலவைத் தொழிலாளர்கள் மூன்று மாதங்கள் வேலைநிறுத்தம் செய்து, சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையை வென்றெடுத்தார்கள். 1970 இல், தொழிற்சங்க வாழ்வின் அறுபது ஆண்டுகளுக்காக றோசிக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது தொழிற்சங்கமே. 1976 இல் காலமானார்.

2014 மே மாதத்தில் லிபேர்ட்டி ஹோலுக்கு அருகில் லிஃபி ஆற்றின் மேல் ஒரு புதிய பாலம் திறக்கப்பட்டது. ஓ'கொனல், கிராட்டன், ஜோய்ஸ், பெக்கற் என்று ஆண்களின் பெயர்களைத் தாங்கிய பாலங்களுக்கு நடுவே அதற்குச் சூட்டப்பட்ட பெயர் றோசி ஹக்கற். அவர் இறந்து 38 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவரை நினைவுகூரும்போது எல்லோரும் 1916 இன் அந்த ஒரு வாரத்தையே முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதன் பிறகு வந்த ஐம்பது, அறுபது ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. போர் முடிந்த பிறகும் கூலி, வேலை நேரம், விடுமுறை என்று சின்னதாகத் தெரியும் விடயங்களுக்காக அவர் நாள்தோறும் உழைத்துக்கொண்டே இருந்தார். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக விடிய முன்னரே வீதியில் நிற்கும் எங்களூர்ப் பெண்களைப் பார்க்கும்போது இப்போது எனக்கு அவரின் ஞாபகம் வருகிறது. அவர்களிலும் சிலருக்குச் சொல்வதற்கு ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது. அதைக் கேட்கும் நாங்கள், அவர்களின் இன்றைய சம்பளத்தைப் பற்றியும் கேட்கவேண்டும்.