எண்ணிக்கையில் விடுபட்ட ஆறாமவர்

அரியலூர் மாவட்டத்தில் திருமானூரை அடுத்து, கொள்ளிடத்திற்கு வடபால் ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் இருக்கின்றது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன்னர் அவ்வூரில் தங்கித் தமிழ்ப்பணி புரிந்த ஒரு பெரியாரைப் பற்றி இவ்வாரம் எழுதத் துணிந்தேன். அவர் முஸ்லிம் அல்லர். இத்தாலி நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவத் துறவி. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அவருக்கு என்ன இடம் என்று வாசக நேயர்கள் சிலர் வினவக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் உளநூலைப் பாடமாக எடுத்துப் பயில்கின்றனர். மனிதன் எவ்வாறு சிந்திக்கிறான், எங்கே பிழை செய்கிறான், கூட்டத்தோடு சேர்ந்தால் அவனுடைய அறிவு என்ன ஆகிறது என்பனவே அப்பாடத்தின் உயிர்நாடி. இவற்றையெல்லாம் குழந்தைகளும் சிரித்துக்கொண்டே கேட்கும்படி தமிழில் எழுதிவைத்தவர் இந்தத் துறவி. அவரே வீரமாமுனிவர்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, மொழியும் இறையியலும் கற்றுக் குருப்பட்டம் பெற்றார். 1710-இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறிக் கோவாவை அடைந்து, அங்கிருந்து தமிழகம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது.

முப்பது வயதில், படித்துத் தேர்ந்த ஒருவர், மீண்டும் அரிச்சுவடியில் தொடங்குவது எளிய செயல் அன்று. தம் ஊரில் அவர் பிறர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர். இங்கோ கடைத்தெருவில் ஒரு சிறுவன் பேசுவதுகூட அவருக்கு விளங்கவில்லை. சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் மாணவராக அமர்ந்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். காவியுடை தரித்தார், புலால் உணவை நீக்கினார், தம் பெயரை முதலில் தைரியநாதர் என்றும், பின்னர் வீரமாமுனிவர் என்றும் வழங்கச் செய்தார். கற்றது போதும் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. 1726-இல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை நிறைவு செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன் மொழியில் பெயர்த்தார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அதன்மேல் கலம்பகமும் பாடினார்.

இவையனைத்தும் அவருடைய புகழுக்குரிய செய்திகளே. எனினும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை வேறு இரண்டு. கற்பவனுடைய கண்ணும் நினைவும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அவர் அறிந்து செய்த சீர்திருத்தங்கள் அவை.

முதலாவது எழுத்து. அந்நாளில் எகரத்தையும் ஒகரத்தையும் குறிலாகக் காட்டுவதற்கு மேலே ஒரு புள்ளி வைப்பது முறை, புள்ளியில்லையேல் நெடில். ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும். ஆகவே எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவர். படிப்பவர் சொல்லைக் கண்டு, குறிலோ நெடிலோ என ஊகித்து, பொருள் பொருந்தாவிடின் மறுபடியும் பின்னோக்கி வந்து படிக்க வேண்டும். மொழி அறிந்தவருக்கு இது ஒரு பொருட்டன்று. அறியாதவருக்கோ ஒவ்வொரு வரியும் தடுமாற்றம். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். இன்று நாம் எழுதும் ஏகாரத்தின் காலும் ஓகாரத்தின் சுழியும், கே, கோ என்பவற்றின் மேற்சுழித்த கொம்பும் அவர் வழியாக வந்தவை. அறபு எழுத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தொடக்க காலத்து அறபு ஏடுகளில் உயிர்க்குறிகள் இல்லை. அறிந்தவர் ஓதினர், புதியவர் தடுமாறினர். அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் உயிரொலிக்குப் புள்ளிகள் வகுத்ததும், கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் இன்றைய குறிகளுக்கு அடிகோலியதும் அதே தேவையை முன்னிட்டுத்தான்.

இரண்டாவது அகராதி. பழைய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவனுக்கே அவை பயன்படும். ஒரு சொல்லைக் கண்டு பொருள் அறிய விரும்புகிறவன், அச்சொல் எந்தத் தொகுதியில் அடங்கும் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அதாவது விடை தெரிந்தவனுக்கே விடை கிடைக்கும்! முனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றிச் சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள் அதில் உண்டு. நினைவின் சுமையைத் தாளின் மேல் இறக்கிவைத்த உபகாரம் அது.

இனி, அவருடைய பரமார்த்த குரு கதைக்கு வருவோம். புதிதாக வரும் பாதிரிமார் பேச்சுத் தமிழைப் பழகிக்கொள்ளும்பொருட்டு, லத்தீன் மொழிபெயர்ப்புடன் அவர் அமைத்த நூல் அது. பரமார்த்தர் என்றொரு குரு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்கள் ஓர் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று சோதிக்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறான். சுரீர் என்று ஓசை எழுகிறது, புகை கிளம்புகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஒதுங்குகின்றனர். பின்னர் அதே கட்டையை, அணைந்து போனதை, மீண்டும் நீரில் வைக்கின்றனர். ஓசையில்லை. ஆறு உறங்கிவிட்டது என்று மெல்ல இறங்கிக் கடக்கின்றனர்.

இதை வெறும் மடமை என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் சோதனை செய்தனர், முடிவைக் கண்டனர், கண்டதற்கேற்ப நடந்தனர். வழிமுறையில் குறையேயில்லை. ஆறு உறங்கும் என்ற முதல் எண்ணத்தை மட்டும் ஒருவரும் சோதிக்கவில்லை. தாம் முன்னரே நம்பியதற்குச் சான்று தேடுவதும், தேடியவுடன் அது கிடைத்துவிடுவதும் மனித மனத்தின் இயல்பு என்று இன்றைய உளநூலார் பல சோதனைகளால் காட்டியுள்ளனர். படித்தவரிடமும் அந்த இயல்பு குறைவதில்லை.

அக்கரை சேர்ந்ததும் எவரையேனும் ஆறு விழுங்கிற்றோ என்ற ஐயம் எழுகிறது. ஒரு சீடன் எண்ணுகிறான்; தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஐந்து. குரு தாமே எண்ணுகிறார், அவரும் தம்மை விட்டுவிடுகிறார், ஐந்து. மற்றவர் எண்ணியும் ஐந்தே. போனவர் ஒருவர் என்று உறுதியாயிற்று. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகின்றனர். மாண்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை! இறுதியில் ஒரு வழிப்போக்கன் வந்து, அவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து, அடி பட்டவன் தன்னை எண்ணிச் சொல்ல வேண்டும் என்கிறான். ஆறு பேரும் மீண்டு வருகின்றனர்.

முல்லா நஸ்ருத்தீன் தாம் ஏறியிருக்கும் கழுதையை விட்டுவிட்டு மற்றக் கழுதைகளை எண்ணிக் கலங்கிய கதையை நம் இல்லங்களில் பலரும் கேட்டிருப்பர். எனினும் முல்லா தனி ஆள். பிழை அவரோடு நின்றுவிடுகிறது. முனிவரின் கதையில் ஆறு பேர் ஒருவருடைய கணக்கை ஒருவர் சரிபார்க்கின்றனர். அனைவரிடமும் ஒரே குறை இருப்பதால், சரிபார்க்கச் சரிபார்க்கப் பிழை உறுதிப்படுகிறது. நூறு பேர் எண்ணியிருந்தாலும் ஒருவர் மாண்டதாகவே முடிந்திருக்கும்.

சாலமன் ஆஷ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1951-இல் வெளியிட்ட சோதனை ஒன்று கல்லூரிப் பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்றுள்ளது. ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற்கோட்டின் அளவுக்கு ஒத்தது எது என்று சொல்ல வேண்டும். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தோருள் ஒருவரைத் தவிர ஏனையோர் அவரால் முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். பல சுற்றுகளில் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் ஒரு முறையேனும் தம் கண்ணைத் தள்ளிவைத்துக் கூட்டத்தின் விடையைச் சொல்லிவிட்டனர். அந்தச் சுற்றுகளின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவ்வாறு பிழைபட்டது. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும். இவருக்கும் துணிவு வந்துவிடும், பிழை வெகுவாகக் குறைந்துவிடும். கதையின் வழிப்போக்கனை ஈண்டு நினைவு கொள்க.

என் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. மதரஸாவில் இலக்கணப் பாடம். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் எழுவாயா, செயப்படுபொருளா என்று உஸ்தாத் அவர்கள் வினவினார்கள். எங்களுள் சிறந்த மாணவர் செயப்படுபொருள் என்றார். அடுத்தவரும் அவ்வாறே. என் உள்ளத்தில் எழுவாய் என்று தெளிவாகத் தோன்றியது. என் முறை வந்ததும் என் நாவு செயப்படுபொருள் என்றே சொல்லிற்று. கடைசியில் அமர்ந்திருந்த, மிகப் பின்தங்கியவர் என்று நாங்கள் கருதிய ஒருவர் மட்டுமே எழுவாய் என்றார். சரியும் அதுவே. தெரிந்தும் மாற்றிச் சொன்ன அந்த வெட்கம் இத்தனை ஆண்டுகளாகியும் என்னை விட்டு நீங்கவில்லை.

ஹிஜ்ரி 243-இல் மறைந்த இமாம் ஹாரித் அல் முஹாஸிபி (ரஹ்) அவர்களுக்கு அப்பெயர் வந்ததே, தம்மைத் தாமே கணக்கெடுக்கும் முஹாஸபா என்னும் பயிற்சியை அவர்கள் மேற்கொண்டிருந்ததால்தான். பிறர் குறைகளை ஒன்றுவிடாமல் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான் என்பதை பஸராவில் பிறந்த அந்த மகானும் அறிந்திருந்தார்கள். ஏலாக்குறிச்சித் துறவியும் அறிந்திருந்தார்.

முனிவரின் கதையில் இன்னொரு பகுதி. குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் வாளாவிருக்கின்றனர். விழுவதையெல்லாம் எடுங்கள் என்று குரு கடிகிறார். சாணத்தையும் எடுத்து வருகின்றனர். சினந்த குரு, எடுக்க வேண்டியவற்றுக்கு ஓலையில் ஒரு பட்டியல் எழுதித் தருகிறார். பின்னர் அவரே ஒரு குழியில் விழுகிறார். சீடர்கள் பட்டியலைப் பார்க்கின்றனர். அதில் குருவின் பெயர் இல்லை. அவர் குழிக்குள் கிடந்தபடியே தம்மையும் எழுதிச் சேர்த்த பிறகே தூக்குகின்றனர். பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்து, பொருளைக் கோட்டைவிடும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓலை நினைவுக்கு வரும். குற்றம் சீடரிடம் மட்டும் இல்லை; சிந்திக்கக் கற்பிக்காமல் கட்டளை மட்டும் இட்ட குருவிடமும் இருக்கிறது.

திருச்சிராப்பள்ளியை 1736-இல் கைப்பற்றி ஆண்ட சந்தா சாகிபுடன் முனிவருக்குத் தொடர்பு இருந்தது. அவரைக் காணும்பொருட்டுப் பாரசீகமும் இந்துஸ்தானியும் குறுகிய காலத்தில் கற்றார் என்றும், சந்தா சாகிபு அவருக்கு இஸ்மத் சந்நியாசி என்னும் பட்டம் அளித்துத் திவானாகவும் அமர்த்தினார் என்றும், 19-ஆம் நூற்றாண்டில் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு கூறும். இஸ்மத் என்பது மாசின்மையைக் குறிக்கும் அறபுச் சொல். ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் கிறிஸ்தவத் துறவிக்கு அப்பெயரை இட்டார் என்பது கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் திவான் பதவி பற்றிய செய்தியைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். ஒருவர் எழுதியதைப் பலர் எடுத்தெழுதினர். பலர் எழுதியதால் அது உறுதியாயிற்று. ஆற்றங்கரைக் கணக்கை எழுதியவரின் வரலாற்றிலேயே அத்தகைய கணக்கு புகுந்துகொண்டது. எனவே பட்டத்தையும் பதவியையும் நானும் கேள்வியாகவே எழுதிவைக்கிறேன்.

1741-இல் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு சென்றனர். முனிவர் தம் இறுதிக் காலத்தில் கேரளத்து அம்பலக்காட்டில் தங்கி, 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அங்கே காலமானார் என்பர். பரமார்த்த குரு கதையை அவர் அச்சில் காணவில்லை. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் அதனை மொழிபெயர்ப்புடன் லண்டன் மாநகரில் அச்சிட்டார். 1968-இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி முனிவருக்குக் கடற்கரையில் சிலை வைக்கப்பட்டது.

நான் சிறுவனாயிருந்தபோது என் உம்மம்மா இக்கதையைத் திண்ணையில் வைத்துச் சொல்வார்கள். எழுதியவர் இன்னார் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் அப்பெயரை அறிந்தது இருபது வயதுக்குப் பின்னரே.