பம்மாத்துக்குக் கணக்கு எழுதியவர்

சென்ற தீபாவளி இரவு விடுதி மாடியில் வடநாட்டு நண்பர்கள் போக்கர் ஆடினார்கள். அன்று சூதாடாதவன் மறுபிறவியில் கழுதையாவான் என்றொரு நம்பிக்கை இவர்களிடம் உண்டு! கழுதையாக விரும்பாமல் நானும் உட்கார்ந்தேன். ஆறு பேர், முதலில் வாய் திறக்க வேண்டியவன் நான். கையில் ராஜாவும் பத்தும். மேசையில் பொதுச் சீட்டு ஒன்றுகூட விரியுமுன், பொங்கலுக்கு ஊர் போக வைத்திருந்த ரயில் பணம் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். நால்வர் விலகினர், ஏஸும் ராஜாவும் வைத்திருந்த ஒருவன் மட்டும் நின்றான். பணம் போயிற்று.

அந்த எரிச்சலில்தான் ஜான் வான் நியூமனின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1903 டிசம்பர் 28-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த மேதை அவர். கணிதம் சோறு போடாது என்று தந்தை அஞ்சியதால் ஜூரிக்கில் வேதிப் பொறியியல் பயின்றார். அதற்காகக் கணிதத்தை விட்டாரா? அதே 1926-இல் புடாபெஸ்டில் கணித டாக்டர் பட்டமும் பெற்றார்! நம் வீட்டுக் கதைதானே இது, நண்பர்களே?

1928-இல் ஆட்டங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒரு புதுத்துறைக்கே வழி திறந்தது. 1944-இல் பொருளியலறிஞர் மார்கன்ஸ்டெர்னுடன் எழுதிய பெருநூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார்.

அவர் பெயரால் வழங்கும் எளிய போக்கரைப் பாருங்கள். இருவர், ஆளுக்கு ஒரு ரூபாய் நடுவில். ஒவ்வொருவருக்கும் 0 முதல் 1 வரை ஏதோ ஓர் எண். பெரிய எண் வெல்லும். முதலில் பேசுபவன் இரண்டு ரூபாய் பந்தயம் கூட்டலாம். அல்லது கூட்டாமல் எண்களைக் காட்டிவிடலாம். கூட்டினால், மற்றவன் ஈடுகட்ட வேண்டும், அல்லது விலக வேண்டும். எப்போது கூட்டுவது? எண் 7/9-க்கு மேலிருந்தால் கூட்டு என்கிறது கணக்கு. 1/9-க்குக் கீழிருந்தாலும் கூட்டு என்கிறது! நடுவிலுள்ளவன் சும்மா இருக்க வேண்டும். எதிரி 5/9-க்கு மேலிருந்தால் ஈடுகட்டுவான்.

என்னே விந்தை! நடுத்தரக் கை கூட்டினால், அதனிடம் தோற்கும் கைகளில் பெரும்பாலானவை ஓடிவிடும்; அதை வெல்லும் கைகளோ எதிர்த்து நிற்கும். கூட்டாமல் காட்டினால் பல முறை வெல்லும். மட்டமான கைக்குக் காட்டி வெல்லும் வழி ஏது? எதிரியை ஓட்டினால்தான் உண்டு. ஆகவே பம்மாத்து என்பது நெஞ்சழுத்தமன்று, கணக்கு. இருவர் ஆட்டத்திலேயே இப்படியென்றால், பின்னால் ஐவர் காத்திருக்க ராஜாவையும் பத்தையும் நம்பிய என்னை என்ன சொல்வது?

இவ்வளவு அறிந்தவர் மேசையில் சாதாரண ஆட்டக்காரர்தானாம்!

பின்னர் லாஸ் அலமாஸில் அணுகுண்டு வேலை, பிரின்ஸ்டனில் கணிப்பொறி. சோவியத் நாட்டை முந்தித் தாக்கவேண்டும் என்ற கருத்தையும் ஆதரித்தார். மேதையின் இந்தக் கணக்கை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பந்தயப் பொருள் மக்களல்லவா?

1955-இல் புற்றுநோய் கண்டது. சமயப் பற்றில்லாதிருந்தவர் மருத்துவமனையில் கத்தோலிக்கப் பாதிரியாரை அழைத்தார். கடவுள் உண்டென்று பந்தயம் வைப்பதே மேல் என்ற பாஸ்கலின் வாதம் நெடுநாளாகவே அவர் மனத்தில் இருந்ததாம். ஆயினும் மரண அச்சம் நீங்கவில்லை என்கின்றனர் உடனிருந்தோர். 1957 பிப்ரவரி 8-ஆம் நாள் வாஷிங்டனில் மறைந்தார். வயது 53.

பொங்கலுக்கு நான் ஊர் போகவில்லை. ஆய்வுக்கூட வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை.