உள்ளத்தின் குரலைக் கேட்ட மருத்துவர்

உடல் நோயுற்றால் ஊரறிய மருத்துவமனைக்குச் செல்கிறோம். உள்ளம் நோயுற்றாலோ உற்றாரும் அறியாமல் மறைக்கிறோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் மனநல ஆலோசனை நிலையங்களின் பெயர்ப்பலகைகள் இன்று கண்ணில் படுகின்றன. ஆயினும் அவற்றின் படியேறத் தயங்குவோர் எத்தனை பேர்! இத்தயக்கத்தை எதிர்த்து நூறாண்டுகளுக்கு முன்பே உழைக்கத் தொடங்கியவர், வங்கம் தந்த டாக்டர் கிரீந்திரசேகர போஸ்.

1887ஆம் ஆண்டு பிறந்த போஸின் தந்தை, தர்பங்கா மகாராசாவிடம் திவானாக இருந்தவர். இளமையிலேயே கிரீந்திரருக்கு மாய வித்தையிலும் மனவசியத்திலும் நாட்டம் இருந்தது. 1910இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவத் தொழிலில் இறங்கினார்.

மனநோயாளிகளை உயர்ந்த மதில்களுக்குள் அடைத்துவைத்த காலம் அது. நம் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் திறக்கப்பட்டதும் பைத்தியக்கார விடுதி என்ற பெயரில்தான். அக்காலத்தில், நோயாளியைப் பேசவிட்டு அவர் மனத்தின் முடிச்சுகளை அவிழ்க்க முயன்றார் போஸ்.

தொழில் நன்றாக நடந்தபோதும் அவர் மீண்டும் மாணவரானார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தோன்றிய உளவியல் துறையில் பயின்று, 1917இல், தம் முப்பதாம் வயதில், முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராகிப் பின்னர் துறைத் தலைவராகவும் விளங்கினார். 1921இல், மனத்தில் அமுக்கப்படும் ஆசைகளைப் பற்றிய ஆய்வுக்காக டாக்டர் பட்டம் பெற்றார். அந்நூலை வியன்னாவிலிருந்த பிராய்டுக்கு அனுப்ப, இருவருக்கும் கடிதத் தொடர்பு மலர்ந்து 1937 வரை நீடித்தது.

பிராய்டைப் போற்றிய போஸ், அவருக்குத் தலையாட்டும் சீடராக இருக்கவில்லை. ஒவ்வோர் ஆசைக்கும் அதற்கு நேர்மாறான ஆசையொன்று மனத்தின் அடியில் மறைந்திருக்கிறது என்பது போஸின் கொள்கை. அடிக்க விரும்புபவன் உள்ளத்தில் அடிபட விரும்பும் ஆசையும் உண்டு; இவ்விரண்டின் மோதலே ஒன்றை அமுக்குகிறது என்றார். ஐரோப்பிய நோயாளியிடம் கண்டவையெல்லாம் இந்திய நோயாளியிடம் அப்படியே காணப்படுவதில்லை என்றும் துணிந்து எழுதினார். கற்றதை ஒப்பிப்பது கல்வியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவி, இறுதிவரை அதன் தலைவராக இருந்தார். பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்குத் தந்தத்தாலான திருமால் சிலையொன்றை 1931இல் அக்கழகம் அனுப்ப, அவர் அதைத் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

எனினும் போஸின் அரிய தொண்டு வேறு. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனையொன்றில் இத்தகைய பிரிவு அமைந்தது இந்தியாவில் அதுவே முதன்முறை. காய்ச்சலுக்கு வருபவரும் கலக்கத்துக்கு வருபவரும் ஒரே வாயிலில் நுழைந்தனர்! 1940இல், எழுத்தாளரான அவர் தமையனார் இராசசேகர போஸ் அளித்த இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்தது. தாய்மொழியாம் வங்கத்தில் கனவைப் பற்றியும் நூல் எழுதினார். குழந்தைகளுக்கு எறும்புக் கதையும் எழுதினார். 1953இல் மறைந்தார்.

அவர் காலத்திலேயே, 1943இல், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை தோன்றியது. துறைகள் வளர்ந்தன, மருந்துகளும் பெருகின. நம் வெட்கம் மட்டும் முழுதும் மறையவில்லை. விடுதியில் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கும் தோழனைக் கேலி செய்யாமல், அருகமர்ந்து அவன் சொல்வதைக் கேட்போம். மருத்துவரிடம் துணையாகச் செல்வோம். போஸுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.